மாதிரிப் படம்

அந்தத் தெருவில் யாருக்காவது நெஞ்சில் சளி கட்டினாலும், மாடிப்படியில் வழுக்கிக் கை வீங்கினாலும், முதலில் தட்டப்படுவது படக்காரம்மா வீட்டுக் கதவுதான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. எடுத்ததைப் பார்த்து இன்னதென்று சொல்வது டாக்டர் வேலை. ஆனால் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் பாதி நாள் உட்கார வேண்டும். இவளிடம் வந்தால் வாசலில் நின்றபடியே காரியம் முடிந்துவிடும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவாள், உறையிலிருந்து படத்தை உருவுவாள், சமையலறை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். அடுப்பில் பால் பொங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

“ஒண்ணுமில்ல. போய் நிம்மதியா தூங்குங்க.”

இல்லையென்றால், “லேசா விரிசல். மாவுக்கட்டு போடுவாங்க, பயப்படாதீங்க.”

எலும்பு விஷயத்தில் பெரும்பாலும் சரியாகச் சொன்னாள். நெஞ்சு விஷயத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. அதனால் அங்கேயும் சரியாகச் சொன்னவள் என்றே பெயர் வாங்கிவிட்டாள். தெருமுனை பேக்கரிக்காரர் தன் படத்தை ரொட்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டிவிட்டு, “இந்தம்மா கண்ணு முன்னாடி அந்த மிஷினெல்லாம் சும்மா” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு அவளுக்கும் உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. யாருக்குத்தான் இனிக்காது.

அவளுக்கு ஒரே அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. ஓர் அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலை. அக்கா வீட்டுக்காரர் பஸ் ஓட்டினார். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். “என் தங்கச்சி ஊர்ல இருக்கறவன் எலும்பையெல்லாம் எண்ணிடுவா. வீட்டுச் சாவிய எங்க வெச்சான்னு மட்டும் தெரியாது” என்பாள். ஆனால் தங்கை சொன்னால் அது வேதம். பல்வலிக்கு எந்தப் பக்கமாகப் படுப்பது என்பதுகூட தங்கையிடம் கேட்டுத்தான்.

அந்த அக்காவுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. படக்காரம்மா அவளை மதிய இடைவேளையில் வரச் சொன்னாள். டாக்டர் சீட்டு கிடையாது, பதிவு கிடையாது. எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்குச் செய்யும் சலுகை அது. எல்லாரும் செய்தார்கள், யாரும் தப்பாக நினைத்ததில்லை. சீட்டு இல்லாத படத்தை எந்த டாக்டரும் பார்க்கப்போவதில்லை என்பதையும் யாரும் நினைத்ததில்லை.

“தாடையத் தூக்கு. கைய இடுப்புல வை. தோள முன்னாடி தள்ளு. இன்னும்.”

“என் கல்யாண போட்டோவுக்குக்கூட இப்படி நிக்கலடி.”

“பேசாதக்கா. மூச்ச நல்லா இழு. பிடி. விடாத.”

அக்கா விடவில்லை. சொன்னதை அப்படியே செய்தாள்.

படம் கழுவி வந்ததும் படக்காரம்மா விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அதுதான் உத்தமம். தோள்பட்டை எலும்பு இரண்டும் நுரையீரலை விட்டு விலகி நின்றன. கழுத்தடிக் காறை எலும்புகள் தராசுத் தட்டுபோலச் சமமாக இருந்தன. மூச்சு முழுதாக உள்ளே போயிருந்தது. அசைவு இல்லை, மங்கல் இல்லை. படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்கள். தங்கள் வேலையில் குறை இருக்கிறதா என்று முதலில் தேடுவார்கள். இல்லை என்றதும் மனசு ஆறிவிடும். ஆறிய மனசுக்கு அதற்கப்புறம் எதுவும் கண்ணில் படாது.

“ஒண்ணுமில்லக்கா. பேப்பர் தூசி. மூக்குல துணி கட்டிட்டு வேல செய்.”

“அப்பாடா. உன் மாமா வேற, நான் போயிட்டா யாரு சமைக்கறதுன்னு கவலையில இருக்காரு” என்று சொல்லிவிட்டு அக்கா போனாள்.

படக்காரம்மா படத்தின் மூலையிலிருந்த பெயரை வெட்டி எறிந்துவிட்டு, அதைச் சுவரிலிருந்த சின்ன விளக்குப் பெட்டியில் நிரந்தரமாக மாட்டினாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அதுதான் மாதிரி. “இந்த மாதிரி வரணும். இல்லன்னா திரும்ப எடு” என்பாள். டாக்டர்கள் அதன் எதிரே நின்று டீ குடித்தார்கள், விடுமுறையைப் பற்றிப் பேசினார்கள். சுவர்க் கடிகாரத்தைப் போல அதுவும் அந்த அறையின் ஒரு சாமானாகிவிட்டது. இரண்டு வருடம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

பிறகுதான் அந்த வகுப்பு வந்தது. மருத்துவமனையில் படம் பார்த்து முடிவு எழுதும் பெரிய டாக்டர், படம் எடுக்கிறவர்களுக்கும் கொஞ்சம் பார்க்கத் தெரிய வேண்டும் என்று சாயங்கால வகுப்பு தொடங்கினார். படக்காரம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்ததற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கப்போகிறது என்ற நினைப்புதான் அவளுக்கு.

ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. பெரிய டாக்டர் கேள்வி கேட்டு முடிக்குமுன் அவள் கை உயர்ந்தது. ஒரு நாள் அவர் ஒரு நெஞ்சுப் படத்தை மாட்டினார்.

“இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல சார். நல்ல படம்.”

அவர் அதே ஆளின் இன்னொரு படத்தைப் பக்கத்தில் மாட்டினார். ஆறு மாதம் கழித்து எடுத்தது. அதில் இதயத்தின் நிழலையும் மீறிக்கொண்டு ஓர் உருண்டை எட்டிப் பார்த்தது. மறுபடி முதல் படத்துக்குப் போய், பென்சிலால் இதயத்தின் நிழலுக்குள் வட்டம் போட்டார். உற்றுப் பார்த்தால் இருந்தது. பால் டம்ளருக்குள் விழுந்த வெள்ளைப் பொத்தான்போல.

“இதயத்துக்குப் பின்னாடியும் நுரையீரல் இருக்கும்மா. காறை எலும்புக்குப் பின்னாடி இருக்கு, ஈரலுக்குப் பின்னாடி இறங்கியிருக்கு. நாம பளிச்சுன்னு தெரியற இடத்த மட்டும் பார்த்துட்டு வந்துடறோம்.”

சமையலறை ஜன்னலில் பிடித்துப் பார்த்த படங்கள் எத்தனை. அவற்றில் ஒன்றில்கூட அவள் இதயத்துக்குப் பின்னால் பார்த்ததில்லை. அங்கே பார்க்க ஓர் இடம் இருக்கிறது என்பதே தெரியாது.

மறுநாள் காலை எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்து விளக்குப் பெட்டியைப் போட்டாள். அக்கா எரிந்தாள். படக்காரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதயத்தின் நிழலுக்குள் தேடினாள். ஏதோ இருந்தது. தலையைச் சாய்த்தால் இல்லை. இரண்டு ரத்தக்குழாய் குறுக்கே போகும் இடமாகவும் இருக்கலாம். வகுப்புக்கு முன்னால் இருந்த படக்காரம்மாவாக இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள். இவளுக்குச் சந்தேகப்படுகிற அளவுக்குப் படிப்பு வந்திருந்தது, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிற அளவுக்கு வரவில்லை.

படத்தைக் கழற்றிக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“இத மட்டும் வெச்சு நான் சொல்ல மாட்டேன். ஆள வரச் சொல்லுங்க. ஸ்கேன் எடுத்துடலாம்.”

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவின் சட்டை தோளில் தொளதொளத்தது. இருமல் நடுவே புத்தகக் கட்டுகளைப் பற்றிய கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்.”

“எதுக்கு?”

“அந்தப் படத்துல இதயத்துக்குப் பின்னாடி ஏதோ இருக்கற மாதிரி இருக்கு.”

“இருக்கா, இருக்கற மாதிரி இருக்கா?”

“சரியா தெரியலக்கா.”

“நீதானே அன்னிக்கு ஒண்ணுமில்லன்னு சொன்ன?”

“அப்ப எனக்கு அவ்வளவா தெரியாது.”

அக்கா சிரித்தாள். “இது நல்லாருக்கே. படிக்காதப்ப தெரிஞ்சுது, படிச்சப்புறம் தெரியலங்கறியே. காசு கட்டிப் படிச்சு, இருந்ததையும் தொலைச்சிட்டு வந்திருக்க.”

மாமா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “அவ புதுசா படிச்சிருக்கா இல்ல. பார்க்கறவங்களுக்கெல்லாம் வியாதி இருக்கற மாதிரிதான் தோணும்” என்றார்.

அவள் மறுபடி போனாள், மறுபடியும் போனாள். ஒவ்வொரு தடவையும் தெரிந்ததை உள்ளபடி சொன்னாள். ரத்தக்குழாயாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அவள் நேர்மையாகப் பேசப்பேச அக்காவுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. அச்சகத்தில் பள்ளிப் புத்தகம் தைக்கும் காலம் அது. அந்த அவசரம் முடியட்டும் என்றாள்.

தெருவிலும் அவள் பெயர் கெட்டது. பேக்கரிக்காரர் வழக்கம்போல ரொட்டிப் பையோடு வந்து நின்றார்.

“சும்மா ஒரு பார்வ பார்த்து சொல்லுங்கம்மா.”

“எனக்கு சொல்லத் தெரியாதுங்க. டாக்டர பாருங்க.”

“கோர்ஸெல்லாம் முடிச்சிருக்கீங்க. முதல் ஆளா பாஸ் பண்ணீங்கன்னு சொன்னாங்களே.”

“அதனாலதாங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையை மடித்துக்கொண்டார். மண்டைக்கனம் ஏறிவிட்டது என்று மறுநாள் தெரு முழுக்கப் பேச்சு. ஓசியில் சொல்ல மனசு வரவில்லை, சான்றிதழை மாட்டிவிட்டாள் அல்லவா, இனிமேல் அப்படித்தான் இருப்பாள் என்றார்கள்.

ஒரு நாள் அக்கா இருமிவிட்டுக் கைக்குட்டையை அவசரமாகச் சுருட்டியதை அவள் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் நேர்மையாக இருக்க முடியவில்லை. எழுந்து நின்றாள். சமையலறை ஜன்னல் குரல் அவளுக்குள் எங்கோ பத்திரமாகத்தான் இருந்தது. அதை எடுத்துப் பேசினாள்.

“அக்கா, நேத்து மறுபடி பார்த்தேன். கட்டி இருக்கு. நல்லா தெரியுது. நாளைக்குக் காலையில நீ வர்ற.”

அவள் மறுபடி பார்க்கவும் இல்லை, எதுவும் தெரியவும் இல்லை.

அக்காவின் முகம் மாறியது. “இத முதல்லயே சொல்றதுக்கென்னடி. தெரியல தெரியலன்னு இத்தன நாள் வாய்க்குள்ளயே வெச்சிட்டிருந்தியே.”

மாமா செய்தித்தாளை மடித்தார். “உறுதியா?”

“உறுதிதான் மாமா.”

மறுநாள் விடியும்போதே அக்கா தலை வாரி, செருப்பு மாட்டி, வாசலில் தயாராக நின்றாள்.

பொய் பலித்தது. கட்டி இருந்தது. அது ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பள்ளிப் புத்தகங்கள் பிள்ளைகள் கைக்குப் போவதற்குள் அக்கா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று படக்காரம்மா பழைய படத்தை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் முன்னால் நின்றாள்.

“சார், இப்ப சொல்லுங்க. இதுல அன்னிக்கே இருந்துச்சா?”

திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தாள். இருந்தது, நீ குருடி என்று அவர் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம். இல்லை என்றிருந்தால் தூங்கியிருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி பார்த்தார்.

“தெரிஞ்சப்புறம் பார்த்தா இருக்கற மாதிரிதாம்மா தோணும். தெரியாம பார்த்திருந்தா நானும் தாண்டிப் போயிருப்பேனோ என்னவோ. என்னால சொல்ல முடியாது.”

“உங்களுக்குமா சார்?”

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு படித்தவர்.

சுவரிலிருந்த பெட்டிக்கு வேறு படம் தேடினாள். தேறவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று ஒன்றைக் கையில் எடுத்தால், இதயத்துக்குப் பின்னால் பார்த்தாயா என்று கேட்டது. பார்த்தால், காறை எலும்புக்குப் பின்னால் என்றது. கடைசியில் எதையும் மாட்டாமல் விட்டுவிட்டாள். வெறும் பெட்டி வெள்ளையாக எரிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்களோ.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.

“அந்தப் படத்தக் கொடு.”

உள்ளே போய் எடுத்து வந்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய், ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தெருவில் எல்லாரும் பார்த்திருந்த காட்சிதானே.

“உறுதியா இருக்குன்னு அன்னிக்கு சொன்ன. இந்தப் படத்தப் பார்த்துத்தான் சொன்ன.”

“ஆமா மாமா.”

“இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த படம்.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“அப்ப அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஒண்ணுமில்லன்னு அனுப்பியிருக்க.”

“இல்ல மாமா. அன்னிக்கும் தெரியாது, உறுதின்னு சொன்னப்பவும் தெரியாது. இப்பவும் தெரியாது. அக்கா வரணும்னுதான் அப்படி சொன்னேன்.”

“தெரியாதவளுக்கு அந்தக் குரல் எப்படி வந்துச்சு?”

அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பஸ்ஸின் முன் கண்ணாடி வழியே பாதையைப் பார்த்துப் பழகிய கண். நடுவிலிருந்து வலது பக்கமாகப் போய் ஓரிடத்தில் நின்றது. அங்கே விரலை வைத்தார்.

“இதோ இருக்கே. வெள்ளையா, கிளை விட்டு. குருடனுக்குக்கூடத் தெரியுமே இது.”

அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது எல்லாருடைய நெஞ்சிலும் இருக்கும் ரத்தக்குழாயின் நிழல். பேக்கரிக்காரருக்கு இருந்தது, அவருக்கும் இருக்கும், அவளுக்கும் இருக்கிறது. அந்தப் படத்தில் அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்த இடம் அது ஒன்றுதான்.

“சொல்லு. இதுதானே?”

அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அக்காவின் விலா எலும்புகள் வழியே புகுந்து அவர் நெற்றியில் கோடுகளாக விழுந்தது.

“ஆமா மாமா. அதுதான்” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். படத்தை உறையில் போடாமலே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.