மேலே போனவனுக்கு ஒரு பாலிசி

என் மகன் விமானம் ஓட்டுகிறான். ஆளை ஏற்றுகிற விமானம் இல்லை, சரக்கு விமானம். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு நாள் பூ ஏற்றுவான், ஒரு நாள் மருந்து, ஒரு நாள் பந்தயக் குதிரை. எங்கள் அனகாபுத்தூர் தெருவில் இதைச் சொன்னால் ஒருத்தருக்கும் திருப்தி இல்லை. "அப்ப பார்சல் வண்டின்னு சொல்லு" என்று எதிர்வீட்டுக்காரி முடித்துவிட்டாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானமெல்லாம் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் போகும், சக்கரம் தெரிகிற அளவுக்குத் தாழ்வாக. அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அவன் விமானத்தில் இருந்தால் மேலே போயிட்டான், இறங்கினால் கீழே வந்துட்டான். மாடிக்குத் துணி காயப்போடப் போனவனைச் சொல்கிற மாதிரி சொல்லிவிடுவோம். அந்தப் பேச்சு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் விஷயம்.

போன லீவில் அவன் வந்தபோது மருமகளுக்கு ஐந்தாம் மாதம். வந்த மறுநாளே, அவன் பேரில் ஆயுள் காப்பீடு எடுக்காமல் திரும்பிப் போகக்கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டாள். கம்பெனியே ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறது என்றான். வேலையை விட்டால் அதுவும் கூடவே போய்விடும்தானே என்று கேட்டாள். அவன் தோசையைப் பிய்த்தான். அவளுடைய அப்பா லாரி ஓட்டினவர். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது வண்டியோடு கவிழ்ந்து போய்விட்டார்.

"எங்கப்பா போனப்ப எங்கம்மா கையில ஒரு பேப்பர் கூட இல்ல. பீரோவுல ஒரு டார்ச் லைட்டும் அவரு லைசென்ஸும்தான் கெடந்துச்சு" என்றாள்.

எடுத்துவிடலாம் என்றான் அவன்.

லீவு மூன்று வாரம். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன் இங்கே இருக்கும்போதே ரத்தம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு முடிக்க வேண்டுமாம். முதலில் தெருக்கோடி வாத்தியாரைக் கூப்பிட்டோம். ரிட்டயர் ஆனபிறகு பாலிசி பிடிக்கிறார். விமானம் ஓட்டுகிறான் என்று கேட்டதும் அவர் பேனா நின்றுவிட்டது. பைலட் என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும், தனியார் கம்பெனி சூப்பர்வைசர் என்று எழுதிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

"சார், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சூப்பர்வைசருக்கு முன் சீட்டுல இன்னா வேலைன்னு கேப்பாங்களே?" என்றேன். வாத்தியார் காபியை முழுசாகக் குடிக்காமலே கிளம்பினார்.

அப்புறம் மளிகைக்கடை பாய் ஒரு வழி சொன்னார். அவர் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறவர். அவருக்குப் பாலிசி எடுத்துக் கொடுத்த பம்மல் அம்மாவின் நம்பரைக் கொடுத்தார். அந்த அம்மா வந்ததும் வேலை என்ன என்று கேட்டாள், பைலட் என்றோம், பைலட் என்றே எழுதினாள். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. விமானக்காரர்களுக்கென்று தனியாக ஒரு ஃபாரம் எடுத்து நீட்டினாள். எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறான், என்ன வண்டி, எந்தெந்த நாட்டுக்குப் போகிறான், சண்டை நடக்கிற ஊர் பக்கம் போவானா, வானத்தில் குட்டிக்கரணம் அடித்து வேடிக்கை காட்டுவானா. குதிரையை ஏற்றிக்கொண்டு எங்கே குட்டிக்கரணம் அடிப்பது என்று கேட்டான் அவன். அந்த அம்மா சிரிக்காமல், இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

அவன் வேலைக்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றாள். கட்டலாம் என்றாள் மருமகள். இன்னொன்றையும் அந்த அம்மா மறைக்காமல் சொன்னாள். உயிர் போனால் எப்படிப் போனாலும் அடிப்படைப் பணம் வரும். ஆனால் விபத்துக்கென்று தனியாக ஒரு சேர்மானம் இருக்கிறது, அது விமான விபத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான், ஓட்டுகிறவனுக்குக் கிடையாது.

"அப்ப நீ ஒரு டிக்கெட் வாங்கினு ஓட்டுடா" என்றேன் மகனிடம். சேர்மானம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

தாம்பரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுத்தார்கள். முப்பதாயிரம் அடி உயரத்தில் இருந்து கீழே பார்க்கிறவன், ஊசியைப் பார்த்ததும் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான். மற்றபடி எல்லாம் நல்லபடியாக வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு போன் வரும், சரிபார்ப்பார்கள், அதோடு முடிந்தது என்றாள் பம்மல் அம்மா. லீவு முடிந்து அவன் கிளம்பினான். அங்கே போனால் அவனுடைய இந்த ஊர் நம்பர் எடுக்காது என்பதால் என் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பையன் குரல், ரொம்பத் தன்மையாகப் பேசினான். மகன் பேரைச் சொல்லி, சார் இருக்காரா என்று கேட்டான்.

"இல்லப்பா, அவன் மேல போயிட்டான்."

பையன் குரல் இறங்கிவிட்டது. "எப்பம்மா?"

"காத்தால நாலு மணிக்கு."

"ஸாரிம்மா. எப்பம்மா எடுக்கறீங்க?"

வண்டியை எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்கிறான் என்றுதானே நான் நினைப்பேன்? "அப்பவே எடுத்துட்டாங்கப்பா. லேட் பண்ண மாட்டாங்க."

"வீட்ல எல்லாரும் தைரியமா இருங்கம்மா."

"எங்களுக்குப் பழகிப்போச்சுப்பா. மருமகதான் அழுதுகினே கீறா, மாசமா வேற கீறா" என்றேன். அவன் ஊருக்குப் போன நாளிலிருந்து அவள் அழுதுகொண்டிருந்தது உண்மைதான். பையன் தழுதழுத்துப் போய் போனை வைத்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று நினைத்துக்கொண்டு மிச்சக் கீரையை ஆய்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் பம்மல் அம்மா வந்தாள். தலையில் பூ இல்லை, முகத்தில் சிரிப்பு இல்லை. செருப்பைச் சத்தமில்லாமல் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பெரிய ரோஜா மாலை.

"இன்னாம்மா இது, வளைகாப்பு அடுத்த மாசம்தானே, இப்பவே மாலை வாங்கினு வந்துட்ட?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், என் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தாள், அடுப்பில் பொரிகிற அப்பளத்தைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். பிறகுதான் விஷயம் வந்தது. விண்ணப்பதாரர் காலமாகிவிட்டார் என்று எழுதி கம்பெனியில் கோப்பை மூடிவிட்டார்களாம்.

நான் சிரித்தேன். பம்மல் அம்மாவும் சிரித்துவிட்டாள். மருமகள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அவன் அப்போது நிஜமாகவே விமானத்தில் இருந்தான், சாயங்காலம்தான் இறங்குவான், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள், சாப்பிடக்கூட வரவில்லை. அப்பளம் நமுத்துப் போயிற்று. அஞ்சரை மணிக்கு அவன் கூப்பிட்டான்.

"ஒண்ணுமில்ல. சும்மா பேசு" என்றாள். அவன் அன்றைக்கு ஏற்றிய மாம்பழத்தைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். கதவோரம் நின்றிருந்த எனக்கு என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போல இருந்தது.

சீக்கிரம் சரிசெய்யவில்லை என்றால் எடுத்த ரத்தப் பரிசோதனை செல்லாமல் போய்விடும். அடுத்த லீவு குழந்தை பிறந்த பிறகுதான். கம்பெனியில் கேட்டால், மூடிய கோப்பைத் திறக்க அவர் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். மருமகள் கலங்கிப்போனாள். எனக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. என் வீட்டுக்காரர் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவர். அவர் பென்ஷனுக்காக வருஷா வருஷம் பேங்கில் போய் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருகிறவள் நான். அங்கே ஒருமுறை கைரேகை விழாமல் என்னையே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் கண்ணைக் காட்டி உயிர் வந்தது.

"பேங்க்ல எனக்குக் கண்ணப் பாத்தாங்க. அவனுக்கும் பாக்கச் சொல்லும்மா" என்றேன் பம்மல் அம்மாவிடம். அவள் விசாரித்தாள். அதேதான், வீடியோவில் முகம் காட்டினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் ஏதோ ஒரு ஊர் ஓட்டல் அறையில் தலை கலைந்து உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் ஒரு பக்கம், கம்பெனி அதிகாரி ஒரு பக்கம், பம்மல் அம்மாவோடு சேர்த்து நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம். கண்ணைச் சிமிட்டச் சொன்னார், சிமிட்டினான். தலையை இடது பக்கம், வலது பக்கம் திருப்பச் சொன்னார், திருப்பினான். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார்.

"இவர்தான்னு வீட்ல யாராவது உறுதியாச் சொல்லுங்க" என்றார்.

"நான் பெத்தது இதுதான் சார். வேற எங்கயும் கெடைக்காது" என்றேன். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அடுத்து மருமகளிடம் கேட்டார். அவள் திரையில் அவனையே பார்த்துக்கொண்டு, "ஆமா சார், இவருதான். உயிரோடதான் இருக்காரு" என்றாள். அவன் யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவை கண்ணைச் சிமிட்டினான்.

பத்து நாளில் பாலிசி தபாலில் வந்தது. வாங்கப் போனது நான்தான். கொண்டுவந்தவர், பேரில் இருக்கிற ஆள் எங்கே என்று கேட்டார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "டூட்டிக்குப் போயிருக்கான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாலையைப் பற்றிக் கேட்பீர்கள். வாங்கி வந்ததைத் திருப்பி எடுத்துப் போக பம்மல் அம்மாவுக்கு மனசில்லை, வீட்டில் வைக்க மருமகளுக்கு மனசில்லை. என் வீட்டுக்காரர் படத்துக்குப் போட்டுவிட்டேன். நிஜமாகவே மேலே போனவர் அவர்தானே. நாலு நாள் வாடாமல் இருந்தது.

மருமகள் பாலிசியை இரண்டு தடவை படித்தாள். பீரோவைத் திறந்து பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள். எப்போதும் விமானச் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்துவிடுகிறவள். அன்று மத்தியானம் மாடிக்கு மேலே அஞ்சாறு போயின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் புரளக்கூட இல்லை.

நாலு மணிக்கு எழுந்து வந்து, "போன் வந்துச்சா அத்தை?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. கீழ கீறானாம்" என்றேன்.