கட்டைவிரல் பட்ட பத்திரிகை

அக்கா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிற இன்று கூடியிருக்கும் உறவினர்களுக்கும் அவருடைய மாணவிகளுக்கும் தங்கை என்கிற முறையில் இதை எழுதுகிறேன். "நல்லதா நாலு வார்த்தை எழுதிட்டு நிறுத்திக்கோ" என்றார் என் வீட்டுக்காரர். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அக்கா மேல் எனக்குக் கடைசிவரை பொறாமை இருந்தது. அதை மறைத்து எழுதினால் அக்காவே சிரிப்பார்.

கிழக்குத் தாம்பரத்தில் பிறந்தோம். அப்பா தவறியபோது அக்காவுக்கு வயது பத்தொன்பது, எனக்குப் பதின்மூன்று. வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டே தாவரவியல் படித்து, மகளிர் கல்லூரி ஒன்றில் ஆசிரியையானார். என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். தனக்கென்று வந்த வரன்களை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்மா" என்று அம்மாவிடம் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார். நன்றி கெட்டவள் இல்லை நான். நன்றியும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது.

எல்லாம் காளானால் வந்தது. உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் மண்ணாக்குவது எது என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. கல்லூரி போக மிச்ச நேரத்தில் பொழிச்சலூரிலிருந்து படப்பைவரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவார். "குப்பைன்னு இலையை எரிக்காதீங்க. அதைச் சாப்பிட மண்ணுக்குள்ள ஆள் இருக்கு" என்று சொல்லி, பிள்ளைகளை மரத்தடியில் முட்டிபோட்டுப் பார்க்க வைப்பார். மழை விட்டால் போதும், எங்கள் வீட்டு வாசலில் டிபன் பாக்ஸில் காளானோடு யாராவது நிற்பார்கள். "மிஸ் இருக்காங்களா?" நான் ஒருத்தி எதிரே நிற்பது அவர்கள் கண்ணுக்கே தெரியாது. அக்காவோ கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்படி ஓடினாரா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே நான் வளர்ந்தேன்.

என் வளைகாப்பன்று நடந்ததை அக்கா இருந்தவரை யாரிடமும் சொன்னதில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் பச்சை வளையல் வாங்கி வருகிறேன் என்று அக்கா காலையிலேயே கிளம்பினார். பத்தரை மணிக்கு நேரம் குறித்திருந்தது. மனையில் நான் உட்கார்ந்தாயிற்று, அக்காவைக் காணோம். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா ஓடிப்போய்க் கிடைத்த சிவப்பு வளையலை வாங்கிவர, அதைத்தான் போட்டார்கள். பதினொன்றரைக்கு அக்கா வந்தார். புடவை எல்லாம் சேறு, கையில் வாழையிலைச் சுருள். ரயிலடியில் கல்லூரி வாட்ச்மேன் பிடித்துக்கொண்டாராம்: "யம்மா, எங்க ஊரப்பாக்கம் ஏரியாண்ட புச்சா ஒரு காளான் மொளச்சிகீது. வெயில் ஏறிச்சுன்னா பூடும், இப்பவே வா." அக்கா அப்படியே ரயிலேறிவிட்டார்.

"வளையல் எங்கக்கா?" என்றேன்.

"ஐயையோ, மறந்தே போச்சுடி! இங்க பாரேன், இத மாதிரி நான் பார்த்ததே இல்ல."

பத்துப் பேர் என்னை விட்டுவிட்டு அந்தக் காளானைப் பார்க்கப் போனார்கள். காளானின் குடையை நறுக்கிக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடிவைத்தால், சில மணி நேரத்தில் அதன் வித்துத்தூள் கொட்டிக் கோலம் மாதிரிப் படியும். அந்தத் தூளை நுண்ணோக்கியில் பார்த்து அளந்தால்தான் இன்ன காளான் என்று சொல்ல முடியுமாம். அதற்கு வெள்ளைத் தாள் தேடிய அக்கா கையில் எடுத்தது எது தெரியுமா? மிஞ்சிப்போன என் கல்யாணப் பத்திரிகை. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததாம்!

எல்லோரும் கலைந்த பிறகு, சாயங்காலம் கிண்ணத்தைத் தூக்கினேன். காளானை எடுத்து எச்சில் இலைகளோடு எறிந்தேன். அடியில் பழுப்பு நிறத்தில் அழகாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. ஆத்திரத்தில் அதன் நடுவே கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தி, முந்தானையால் தேய்த்துத் துடைத்தேன். அக்கா வந்து கேட்டபோது, "கன்னியம்மா தெரியாம துடைச்சிட்டா போல" என்று வாய் கூசாமல் சொன்னேன். கன்னியம்மா எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். அக்கா அவரைத் திட்டவில்லை. பத்திரிகையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சரி, விடு. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சண்டைகூடப் போடவில்லையே என்று அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த ஏரிக்கரை வீட்டுமனைகளாகிவிட்டது. அடுத்த மழைக்கும், அதற்கடுத்த மழைக்கும் அக்கா போய்த் தேடினார். அந்தக் காளான் மறுபடி முளைக்கவே இல்லை. ஒவ்வொரு தடவை அவர் வெறுங்கையோடு திரும்பும்போதும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், சொல்லமாட்டேன். சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோதும் கட்டிலைச் சுற்றி மாணவிகள் கூட்டம்தான். தனியாக அவரிடம் பேச எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அக்கா உலர்த்திச் சேர்த்துவைத்திருந்த காளான் பொட்டலங்களைக் கல்லூரிக்கு எடுத்துப்போக மாணவிகள் வந்தார்கள். ஒவ்வொன்றிலும் அக்கா தமிழில் குறிப்பு எழுதி ஒட்டியிருந்தார். ஒரு பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, இது உங்க கல்யாணப் பத்திரிகையா?"

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். துடைத்த பக்கம் முழுக்க மங்கல். நடுவில் மட்டும் பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, குறுக்கே ஒரு கோடு. சின்ன வயதில் அரிவாள்மனையில் நான் வெட்டிக்கொண்ட தழும்பு அது. அன்று கட்டுப்போட்டவர் அக்கா. கீழே எழுதியிருந்தார்: "ஊரப்பாக்கம் ஏரிக்கரை. காளான் மிஞ்சவில்லை. படிவு துடைக்கப்பட்டது. தங்கையின் கட்டைவிரல் அழுத்திய இடத்தில் ஒட்டியிருந்த வித்துகளைக் கொண்டு அளவெடுத்தேன். உதவி: தங்கை."

உதவியாம்! இத்தனை வருடம் தெரிந்தே வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆசை தீரச் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த மாணவிகளுக்கும், ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், மழை பெய்த மறுநாளெல்லாம் இன்றும் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிற வாட்ச்மேனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கன்னியம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அக்கா என்னை ஒண்ணுமே கேக்கலியேம்மா" என்றார் அவர்.

பொட்டலங்களைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன், அந்த ஒன்றைத் தவிர. ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று மாணவிகள் இரண்டு தடவை கேட்டு வந்தார்கள். மன்னிக்க வேண்டும், தரமாட்டேன். அக்காவிடமிருந்து நீங்கள் எல்லோரும் எவ்வளவோ வாங்கிக்கொண்டீர்கள். இது எனக்கு.