மாலக்கியின் வியாழக்கிழமைகள்

மாலக்கி டெவனி பஸ்ஸை நிறுத்தும் சத்தம் எங்கள் பள்ளிச் சமையலறையில் எல்லோருக்கும் பழக்கம். முதலில் ஒரு கிறீச். பிறகு, "மெதுவா, மெதுவா, யாரும் குதிக்கக் கூடாது" என்று அவர் போடும் கூச்சல். அதற்குள் பாதிப் பிள்ளைகள் குதித்து முடித்திருப்பார்கள்.

பாலிமோர்னாவில் வியாழக்கிழமை என்றால் இதுதான். மேல்தெருக் கத்தோலிக்கப் பள்ளியின் பிள்ளைகள் பச்சை ஸ்வெட்டரோடு வந்து இறங்குவார்கள். எங்களுடையது கீழ்த்தெருப் பள்ளி, புராட்டஸ்டண்டுப் பிள்ளைகள் படிப்பது. இங்கே நீல ஸ்வெட்டர். அன்று இரண்டு நிறமும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடும், ஒன்றாகச் சாப்பிடும், ஒன்றாக விளையாடும். இரண்டு பக்கமும் வெட்டு குத்து என்று இருந்த சண்டைக் காலம் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் வட அயர்லாந்தில் ஒரு பக்கத்துப் பிள்ளை மறு பக்கத்துப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல் வளர்ந்துவிடுகிறதே என்று அரசாங்கத்துக்குக் கவலை. அதற்காக ஒரு திட்டம், திட்டத்துக்குப் பணம், பணம் உருப்படியாகச் செலவாகிறதா என்று பார்க்க ஆள். பஸ்ஸும் மாலக்கியும் அந்தத் திட்டத்தில்தான் ஓடுகிறார்கள்.

இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மிட்டாயை வாயில் போட்டால் கரைவதற்குள் நடந்துவிடலாம். ஆனால் நடுவில் லாரிகள் பறக்கும் பெரிய சாலை, நடைபாதை கிடையாது. அதனால் பஸ். எங்கள் கறிக்கடைக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே கறி வெட்டுவார்.

"ஏன் மாலக்கி, உன் பஸ்ஸோட பின்பக்கம் மேல்தெருவுல நிக்கும்போதே முன்பக்கம் கீழ்த்தெருவுக்கு வந்துடுமாமே?"

"வந்துடும். நடுவுல உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க ரெண்டு ஸ்கூலுக்கும் லேட்டு" என்பார் மாலக்கி.

மனிதர் அப்படித்தான். வாயாடி. இளம் வயதில் ரொட்டி வண்டி ஓட்டினார். பிறகு சுற்றுலா பஸ். அம்மாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், "கேட்கலாம்னு இருந்தேன், பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு" என்று மழுப்புவார். பாடுவார், ராகம் என்ற ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் அழும் பிள்ளை இருந்தால் அதை முன் சீட்டில் உட்காரவைத்து, ஹார்ன் அடிக்கும் உத்தியோகம் கொடுத்துவிடுவார். அதனாலேயே சில பிள்ளைகள் வேண்டுமென்று அழும்.

இவ்வளவு பேசும் ஆளுக்கு எங்கள் சமையலறை ஜன்னல் முன்னால் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காரணம் ஹேசல் டன்லப். எங்கள் சமையலறையின் தலைமைச் சமையல்காரி, என் சிநேகிதி, புருஷனை இழந்தவள். அவள் அவருக்குத் தேநீரும், மேலே கஸ்டர்ட் ஊற்றிய கேக் துண்டும் நீட்டுவாள். மூன்று வருஷமாக அந்த ஜன்னலில் நடந்த பேச்சு முழுவதையும் நான் இங்கேயே எழுதிவிடலாம்.

"மழை வரும் போல இருக்கே, மிஸஸ் டன்லப்."

"வந்துக்கிட்டுதான் இருக்கு, மிஸ்டர் டெவனி."

அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பஸ்ஸடியில் மடக்கிப் பிடித்தேன்.

"ஏன்யா, அறுபதைத் தொடப்போறீங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போவீங்க?"

"என்னத்தச் சொல்றது, மிர்ட்டில்? வியாழக்கிழமை இருக்கு, பஸ் இருக்கு, தேநீர் இருக்கு. அதுக்கு வெளிய நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவங்க வாசல்ல போய் நிக்கறது? நான் மேல்தெரு. அவங்க இருக்கிற தெருவுல கொடியெல்லாம் வேற."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்க உருளைக்கிழங்கு மசிக்கக்கூட மனசு வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தலைமையாசிரியர் ரெய்னி சமையலறைக்கு வந்து, திட்டத்தைப் பார்வையிட பெல்ஃபாஸ்டிலிருந்து மிஸ் பிங்க்கர்ட்டன் வருகிறார் என்றார்.

"பிள்ளைங்க பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்காங்களான்னு பார்க்க வரல. நிஜமாவே கலந்திருக்காங்களான்னு பார்க்க வர்றாங்க. இல்லைன்னு தோணிச்சுன்னா அடுத்த வருஷம் பஸ் கிடையாது."

ஜன்னலுக்கு வெளியே நின்ற மாலக்கி ஹேசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஹேசல் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஏற்கனவே தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

அந்த வியாழக்கிழமை வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பந்து விளையாட்டு; நடுவர் மாலக்கி. மேல்தெருப் பிள்ளைகள் பந்தைக் கையால் பிடித்து ஆடிப் பழகியவர்கள், எங்கள் பிள்ளைகள் காலால் மட்டும். அதனால் முதல் பாதியில் கை உண்டு, இரண்டாம் பாதியில் கை கிடையாது என்று மாலக்கி எப்போதோ ஒரு சட்டம் போட்டிருந்தார். அணி பிரிக்கும்போது எப்போதும் கலந்துதான் பிரிப்பார். யார் எந்த அணி என்று தெரிய, திட்டப் பணத்தில் வாங்கிய மஞ்சள் மேலங்கிகள் இருந்தன. மேலதிகாரி வருகிறாரே என்று அவற்றைத் துவைப்பதற்காக வீட்டுக்கு எடுத்துப் போனவர், துவைத்து, உலர்த்தி, கொடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"இப்ப என்ன பண்றது?" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

மாலக்கிக்கு ஒரு யோசனை. "ஸ்வெட்டரை மாத்திக்கோங்க! இந்த அணி முழுக்கப் பச்சை, அந்த அணி முழுக்க நீலம்!"

பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நொடியில் தலைகள் உள்ளே போய் வேறு நிறத்தில் வெளியே வந்தன. சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்து நானும் ஹேசலும் சிரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் இருவரின் மரமண்டையிலும் அது உறைக்கவில்லை.

பெரிய சாலையில் ஏதோ லாரி குறுக்கே நின்று, மிஸ் பிங்க்கர்ட்டனின் கார் தாமதமாகத்தான் வந்தது. வகுப்பு, சாப்பாடு எதையும் அவர் பார்க்கவில்லை. ரெய்னியோடு மைதானத்தின் வாசலில் வந்து நின்றபோது அவர் கண்ணில் பட்டது இதுதான்: ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, எதிர்ப் பக்கம் முழுக்க நீலம், நடுவில் சேறு.

"பச்சையை விடாதே!"

"நீலத்தை நொறுக்கு! நொறுக்கு!"

இந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே முதலில் ஸ்வெட்டரைத்தான் பார்ப்போம், முகத்தை அப்புறம்தான். மிஸ் பிங்க்கர்ட்டனும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. அவர் முகம் இறுகிவிட்டது. ரெய்னி, நாங்கள் மசித்த உருளைக்கிழங்கின் நிறத்துக்கு வந்துவிட்டார்.

"மிஸ்டர் ரெய்னி, இதுதான் நீங்க மூணு வருஷமா ஒண்ணு சேர்த்த லட்சணமா?"

மாலக்கி விசிலை வாயிலிருந்து துப்பிவிட்டு ஓடிவந்தார். "மேடம், மேடம், நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. பச்சையில பாதி பச்சையே இல்ல! நீலத்துல பாதிதான் நீலம்!"

"அப்படியா? எந்தப் பாதி?"

மாலக்கி நீட்டப்போன கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். வியாழக்கிழமையில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பிள்ளையையும் கை நீட்டி, இது கத்தோலிக்கம், இது புராட்டஸ்டண்டு என்று சொல்லவே கூடாது. நாங்கள் இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினோம். ஓடி என்ன செய்ய, நாங்களும் சொல்ல முடியாது.

மிஸ் பிங்க்கர்ட்டனும் நேராகக் கேட்க முடியாது. அதற்கு எங்கள் ஊர்களில் சுற்றுவழிகள் இருக்கின்றன. பச்சை ஸ்வெட்டரில் கோல் காத்துக்கொண்டிருந்த சிறுமியை அருகே அழைத்தார்.

"உன் பேர் என்னம்மா?"

"லூசி ஹ்யூஸ்."

லூசி இரண்டு பக்கமும் உண்டு. ஹ்யூஸும் இரண்டு பக்கமும் உண்டு. மிஸ் பிங்க்கர்ட்டன் சளைக்கவில்லை.

"ஹ்யூஸ்... அழகான பேர். எப்படி எழுதுவே? எழுத்துக் கூட்டிச் சொல்லு பார்ப்போம்."

எனக்குத் திக்கென்றது. அந்தப் பெயரின் முதலெழுத்தான H-ஐ எங்கள் வீடுகளில் எய்ச் என்போம். கத்தோலிக்க வீடுகளில் ஹெய்ச் என்பார்கள். சண்டைக் காலத்தில் அந்த ஓர் எழுத்தைச் சொல்ல வைத்தே ஆள் யாரென்று கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். அது நல்லதற்காகக் கேட்கப்பட்ட கேள்வியாக எப்போதும் இருந்ததில்லை. லூசி எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவள் தாத்தா புராட்டஸ்டண்டுகளின் ஜூலை ஊர்வலத்தில் பெரிய மேளம் அடிப்பவர். சுத்தமான எய்ச் குடும்பம். 'சொல்லுடி கண்ணு, எய்ச்னு சொல்லு, ஸ்வெட்டர் உன்னோடது இல்லைன்னு அவங்களுக்குப் புரியட்டும்' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

லூசி நிமிர்ந்து நின்று சொன்னாள். "ஹெய்ச், யூ, ஜி..."

போச்சு என்று நினைத்தேன்.

"...எய்ச், இ, எஸ்."

மிஸ் பிங்க்கர்ட்டன் குனிந்து அவளைப் பார்த்தார். "ஒரே எழுத்து, ரெண்டு தடவை வருது. ரெண்டு விதமா சொல்றியே?"

"முதல்ல வர்றது பெரிய எழுத்து, அது ஹெய்ச். நடுவுல வர்றது சின்ன எழுத்து, அது எய்ச்."

"இப்படி யாரு சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லித் தரல. நானும் ஓர்லாவும் முடிவு பண்ணிக்கிட்டோம். வியாழக்கிழமை வந்தாலே இதுக்குச் சண்டை போட்டுக்கிட்டிருந்தோம், போர் அடிச்சுடுச்சு." பிறகு எதிர் அணியில் நீல ஸ்வெட்டருக்குள் தொலைந்துபோயிருந்த ஒரு பொடிசைப் பார்த்துக் கத்தினாள். "ஓர்லா! என் ஸ்வெட்டர்ல மூக்கைத் துடைக்காதே, எங்க அம்மா கொன்னுடுவாங்க!"

மிஸ் பிங்க்கர்ட்டன் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எங்க அப்பா இருந்தா இதைக் கேட்டு மயக்கம் போட்டிருப்பார்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பெரியவர்கள் ஒருவர் உயிரை ஒருவர் எடுக்கும் அளவுக்கு அடித்துக்கொண்ட எழுத்தை இரண்டு பொடிசுகள் பெரிசு, சின்னது என்று பங்கு பிரித்துக்கொண்டுவிட்டன.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. எங்கள் சமையலறையில் தேநீரோடு உட்கார்ந்ததும் மிஸ் பிங்க்கர்ட்டன் மறுபடி அதிகாரியாகிவிட்டார்.

"பிள்ளைங்க கலந்திருக்காங்க, அதைச் சந்தோஷமா எழுதுவேன். ஆனா பணம் கொடுக்கறவங்க கடைசியா ஒண்ணு கேட்கறாங்க. அதை வச்சுத்தான் அடுத்த வருஷத்துக்கு முடிவு. இதெல்லாம் அரசாங்கம் பணம் கொடுக்கிற நேரத்துக்குள்ள. வியாழக்கிழமை முடிஞ்ச பிறகு? இந்தப் பக்கத்துல ஒருத்தர் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போறது, வர்றது, ஏதாவது உண்டா?"

ரெய்னி இருமினார். லூசியும் ஓர்லாவும்கூட மற்ற நாளில் பார்த்துக்கொள்வதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கதவோரம் தேநீர்க் கோப்பையோடு நின்ற மாலக்கி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவருடைய வியாழக்கிழமைகள் போய்விட்டன என்று அந்த முகத்தில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

"உண்டு" என்றாள் ஹேசல்.

எல்லோரும் திரும்பினோம். அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மிஸ்டர் டெவனி எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றார்."

மாலக்கி நிமிர்ந்தார். "நானா?"

"இங்க வேற எந்த டெவனி இருக்கார்?"

"எப்ப... எப்ப வர்றது?"

"நீங்க உங்க பூசைக்குப் போயிட்டு வாங்க. நான் எங்க கோயிலுக்குப் போயிட்டு வந்து அடுப்பைப் பத்த வைக்கிறேன்."

மாலக்கி கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, மெதுவாக: "மிஸஸ் டன்லப், என் ரொட்டி வண்டியை எரிச்சது உங்க தெருவுலதான்."

எனக்கு அது தெரியாது. ரெய்னிக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் மனிதர் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

"தெரியும்" என்றாள் ஹேசல். "ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டு நின்னேன். வெளிய வரத் தைரியம் இல்ல. எரிச்சவங்களுக்கும் அடுத்த வாரம் முழுக்க ரொட்டி இல்ல, அந்தப் புத்திகூடக் கிடையாது. இப்ப நான் கூப்பிடறேன். வண்டியை என் வாசலுக்கு நேரா நிறுத்துங்க. எங்கயாவது மூலையில ஒளிச்சு வச்சுட்டு நடந்து வந்தீங்க, கதவைத் திறக்க மாட்டேன்."

மாலக்கி அவளையே பார்த்தார். "இது... பஸ்ஸைக் காப்பாத்தவா, மிஸஸ் டன்லப்?"

"பஸ்ஸுக்குன்னா ஒரு தேநீரோட நிறுத்தியிருப்பேன். ஆட்டுக்கறி வறுக்கப்போறேன்யா."

மிஸ் பிங்க்கர்ட்டன் பேனாவைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மன்னிக்கணும். இதை நான் எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க, மேடம்" என்றார் மாலக்கி. "சீக்கிரம் எழுதிக்கோங்க, அவங்க மனசு மாறறதுக்குள்ள."