தட்டைத் தின்ற ஆரஞ்சு எண்ணெய்

இன்று காலை என் மகள் ஆரஞ்சு உரித்தபோது, தோலிலிருந்து தெறித்த சாறு பட்டுப் பக்கத்திலிருந்த பலூன் டமாலென்று வெடித்தது. அவள் அழ, நான் கைதட்டிச் சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மணம் என்னை இதே கீரனூரில் கழிந்த பழைய நாட்களுக்கு இழுத்துப்போய்விட்டது.

கல்லூரி முடித்த கையோடு நானும் தோழி ஸ்டெல்லாவும் இங்கே ஒரு வாடகை அறையில், ஆரஞ்சுத் தோல் எண்ணெயைச் சேர்த்து மேசை, தரை துடைக்கும் திரவம் தயாரித்தோம். அவள் வேதியியல் படித்தவள். நான் படித்தது வணிகவியல். வாய் மட்டும் நீளம். எட்டு மாதமாக ஒரு ஆர்டர்கூட இல்லை. "இந்த மாசத்தோட போதும்மா, திருப்பூர்ல வேலை பாத்துவச்சிருக்கேன்" என்று ஸ்டெல்லாவின் அப்பா சொல்லிவிட்டார்.

கடைசி முயற்சியாக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியையின் முன்னாலேயே கலந்து காட்டுவதாகத் திட்டம். கண்ணாடிக் கிண்ணத்தை நான்தான் மறந்திருந்தேன். சமாளிக்கலாமென்று, அங்கே கிடந்த தெர்மாகோல் தட்டில் எண்ணெயை ஊற்றினேன்.

"அடியே, அதுல ஊத்தாத!"

ஸ்டெல்லா சொல்லி முடிப்பதற்குள் எண்ணெயில் தெர்மாகோல் கரைந்து, தட்டு குழைந்து, நடுவில் ஓட்டை விழுந்து, எண்ணெய் மேசையெல்லாம் ஓடியது. அன்று வெள்ளிக்கிழமை. ஊதுபத்தி கொளுத்த ஆயாம்மா தீப்பெட்டியோடு உள்ளே வந்தார்.

"பத்த வச்சிராதீங்க! இது தீப்பிடிக்கும்!"

ஸ்டெல்லா போட்ட சத்தத்தில் தீப்பெட்டி கீழே விழுந்தது. ஜன்னல்களைத் திறந்தோம். வெறுங்கையால் துடைக்கப்போன என்னை, "கையுறைய மாட்டு, தோலு எரியும்" என்று அதட்டினாள்.

துடைத்தால், மேசையில் வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்த ஸ்டிக்கர் பசை துணியோடு வந்துவிட்டது! தலைமையாசிரியை எழுந்தே விட்டார்.

"இத எடுக்க எத்தன நாளு சொரண்டுனோம்! நூறு பெஞ்சு இருக்கு, எல்லாத்துலயும் இந்தக் கருமந்தான். எப்ப வாரீங்க?"

"நாளைக்கே வாரோம் மேடம்!" இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கேட்டைத் தாண்டும்வரை அடக்கமாக நடந்தோம். பிறகு கைகோத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினோம். திருப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது.

ஸ்டெல்லா இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. அன்று ஓடிய அதே சாலையில் இன்றும் போகிறேன், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில், ஒழுங்காக. கத்தத்தான் முடிவதில்லை.