அண்ணன் வாய் திறந்த நாள்

சபையாரே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். சிரித்த முகத்தோடு சொல்ல வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசி மழையில் சேத்தூரில் எங்கள் தெருவில் காமாலை பரவியது. சோற்றைக் கண்டாலே குமட்டல், கண்ணெல்லாம் மஞ்சள். வீட்டுக்கு வீடு ஆள் படுத்துவிட்டார்கள். என் மகள் கிரேஸ் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் செல்லத்தாயும் பிள்ளைத்தாய்ச்சி.

என் அண்ணன் டாக்டர் ஞானராஜை உங்களுக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வெகுகாலம் வைத்தியம் பார்த்தவர். நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கே தலைமை அதிகாரியாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது, ராஜபாளையத்தில் இதே ஆலயத்தில் நாம் ஸ்தோத்திர ஆராதனை நடத்தினோம். ஏழை எளியவர்களுக்காகப் பேச ஒரு வாய் கிடைத்தது என்று நான் அழுதேன்.

தெரு நிலவரத்தைச் சொல்லி அவருக்குப் போன் போட்டேன். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், கர்ப்பிணிகளுக்கு இந்தக் காமாலை உயிருக்கே ஆபத்து என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க கொதிக்க வச்சுக் குடிங்க. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாத."

அந்த வாரமே பேப்பரில் அவர் படம் வந்தது. குடிநீரில் குறையில்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்று அறிக்கை. மறுபடி போனில் கேட்டேன். மேலிடத்தில் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தேன் என்றார்.

நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் காய்ச்சச் சொன்னேன். செல்லத்தாய் சிரித்தாள்.

"ஒங்க அண்ணனே நல்ல தண்ணின்னு சொல்லிருக்காவ. நீங்க என்னக்கா இம்புட்டு பயப்படுதீய?"

கொஞ்ச நாளில் அவளுக்கும் கண் மஞ்சளானது. பொறவு நினைவு தப்பியது. வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, என் அண்ணன் வாயைத் திறந்துவிடும்." உபவாசம் இருந்தேன். வானம் அடைத்தாற்போல இருந்தது. அண்ணன் என் போனை எடுப்பதையும் விட்டுவிட்டார்.

அப்புறம் கிரேஸுக்கும் வந்தது. வந்த புதிதில் அவளும் குழாய்த் தண்ணீரைத்தானே குடித்தாள்? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் மூலம் இதைக் கேட்டதும் அண்ணன் தலைநகரிலிருந்து விமானம் ஏறி வந்துவிட்டார். கட்டிலருகில் நின்று மருமகளின் கண்ணை இழுத்துப் பார்த்தார். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"அண்ணே, நீங்க டாக்டரா, அதிகாரியா?"

 அவர் நேரே வாசலுக்குப் போனார். அவர் வந்ததைக் கேள்விப்பட்டு அங்கே கூடியிருந்த நிருபர்களிடம், தண்ணீர் கெட்டுக் கிடக்கிறது, தன் அறிக்கை பொய் என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே குழாயை அடைத்தார்கள். லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் பதித்தார்கள். அண்ணன் பதவியும் போனது. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பழையபடி நோயாளிகளைப் பார்க்கிறார். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

கிரேஸ் பிழைத்தாள். குறைமாதத்தில் பிறந்த பேத்தியும் பிழைத்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வீட்டில் நன்றி ஜெபம் வைத்தபோது செல்லத்தாய் புருஷன் முருகனும் வந்தான். கடைசியில் உட்கார்ந்திருந்தான். ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தான்.

"ஒங்க சாமி கேட்டுச்சுக்கா. கொஞ்சம் முந்தியே கேட்டிருந்தா எம் புள்ளையும் இருந்திருக்கும்."

 நானும் ஆண்டவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செல்லத்தாய்க்காகத் திறக்காத வாய், எங்கள் ரத்தத்துக்கு ஆபத்து வந்த பிறகுதானே திறந்தது?

ஆனாலும் நான் ஜெபத்தை விடவில்லை. இப்போது தினமும் முருகன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறேன்.

நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். அவர் கேட்கிறவர்தான். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் படுக்கும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த வீட்டுக்காரருக்காக இன்றைக்கே முழங்கால் போடுங்கள். எழுந்ததும் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆமென்.