ஒட்டக் கூடாத ஒரு ரூபாய்

நாமக்கல்லில் கோழித் தீவனம் அரைக்கும் எங்கள் மில்லில் மலர்விழிக்குக் காந்தத்தைத் துடைக்கும் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். எடைமேடை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தவன்தான். மக்காச்சோள மூட்டைகளோடு ஆணி, கம்பித் துண்டு, லாரி போல்ட், கோணி ஊசி எல்லாம் வந்து சேரும். கோழி எதையும் ஆராயாது, கொத்தி விழுங்கிவிடும். அதற்காகத்தான் சோளம் கொட்டும் வாய்க்குக் கீழே ஒரு காந்தத் தட்டு. மணிக்கொரு தரம் தட்டை இழுத்து, ஒட்டியிருக்கும் இரும்பைத் துணியால் வழித்து டின்னில் போட வேண்டும். ஒன்பது வருடமாக இதைச் செய்கிறாள். இந்த வட்டாரத்தில் எத்தனையோ கோழிகள் அவள் புண்ணியத்தில் உயிர் பிழைத்து, அப்புறம் முறைப்படி கறிக்கடைக்குப் போயிருக்கின்றன.

படித்தது எட்டாவது வரை. ஆனால் காந்தத்தின் குணம் அவளுக்கு அத்துப்படி. இரும்புத் தூள் இரண்டு முனைகளிலும்தான் அப்பும், நடுவில் அவ்வளவாக நிற்காது என்பாள். நாள் முழுக்கக் காந்தத்தில் கிடந்த கோணி ஊசி, தானும் குட்டிக் காந்தமாகிக் குண்டூசியைத் தூக்குமாம். பித்தளையும் செம்பும் அலுமினியமும் பேசாமல் உருண்டு போய்விடும். காசில்கூட, இப்போதைய ஒரு ரூபாய் ஒட்டும், பத்து ரூபாய் ஒட்டாது. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பரீட்சையும் வைக்கவில்லை, அதனால் எதுவும் மறக்கவில்லை.

மில்லில் காந்தம் மாற்றியபோது, உடைந்த துண்டு ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி மகள் இனியாவுக்குக் கொடுத்தாள். இனியா ஊரிலேயே பெரிய பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு. ஐந்து மாடி, நீச்சல் குளம், அறிவியல் கூடம் எல்லாம் உண்டு. அறிவியல் கூடம் மட்டும் பூட்டியே இருக்கும். பிள்ளைகள் தொட்டால் சாமான் கெட்டுவிடுமாம்.

பருவத் தேர்வில் ஒரு கேள்வி: நாணயத்தைக் காந்தம் ஈர்க்கும், சரியா தவறா? இனியா ‘சரி’ என்று எழுதி, பக்கத்தில் ‘ஒரு ரூபாய் என்றால்’ என்றும் சேர்த்திருந்தாள். விடைக்குறிப்பில் ‘தவறு’ என்றிருந்தது. மதிப்பெண் போனது. ‘நான் பார்த்தேன் மிஸ்’ என்று அவள் சொன்னதற்கு எதிர்த்துப் பேசினாள் என்று பெயர். ‘நாணயத்தைக் காந்தம் ஈர்க்காது’ என ஐம்பது முறை எழுதி வரச் சொன்னார்கள். அவள் எழுதவில்லை. இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

பள்ளிக்குத் தனியாகப் போகக் கூசி மலர்விழி என்னையும் அழைத்தாள். முதல்வர் பிரபாகர் அறையில் வகுப்பாசிரியை சௌந்தர்யாவும் இருந்தார். இனியா மூலையில் நின்றாள்.

“மார்க்கு போனாப் போகுதுங்க சார்,” என்றாள் மலர்விழி. “கண்ணுல பாத்ததைப் பாக்கலீன்னு அம்பது தடவை எழுதோணும்னா, புள்ளைக்கு அப்பறம் எதை நம்பறதுன்னே தெரியாதுங்களே.”

முதல்வர் பெருந்தன்மையோடு அறிவியல் கூடத்தைத் திறக்கச் சொன்னார். பெட்டிக்குள்ளிருந்து சிவப்புச் சாயம் பூசிய லாடக் காந்தம் வந்தது. ஒரு ரூபாய்க் காசை அதன் முனையில் வைத்தார். காசு மேசையில் விழுந்து உருண்டது. “பாத்தீங்களா?” என்றார்.

“குண்டூசி வெச்சுப் பாருங்க சார்.”

வைத்தார். அதுவும் விழுந்தது. பல வருடம் யாரும் தொடாமல் பத்திரமாக வைத்திருந்ததில் அந்தக் காந்தம் காந்தமாக இருப்பதையே விட்டுவிட்டது.

இனியா பென்சில் டப்பாவிலிருந்து தன் கறுப்புக் காந்தத் துண்டை எடுத்து நீட்டினாள். காசு குதித்துப் போய் ஒட்டிக்கொண்டது. முதல்வர் அதைப் பிய்த்து எடுக்க நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

“உண்மைதாங்கம்மா,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “ஆனா நூத்தி அறுபது பிள்ளைங்க தப்புன்னு எழுதி மார்க் வாங்கிட்டாங்க. இவளுக்குப் போட்டா அத்தனை பெற்றோரும் வந்து நிப்பாங்க. தமிழ்க் கையெழுத்துல ஒரு மார்க் சேர்த்துப் போட்டுடறோம். சரிங்களா?”

மலர்விழி மகளைப் பார்த்தாள். “என்ன சாமி?”

“அந்த மார்க்கு வேண்டாம்மா. நான் ஐம்பது தடவை எழுத மாட்டேன்.”

எழுத வேண்டாம் என்று சமாதானமாகி அவளை வகுப்பில் விட்டார்கள். லாடக் காந்தம் மறுபடி பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. இனித் திருந்திவிடுவார்கள் என்று நினைத்து வண்டியை எடுத்த நான் ஒரு முட்டாள்.

ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது, விடைக்குறிப்பும் அதேதான். இந்த முறை வீட்டில் யாரும் இனியாவுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்ன எழுதினாள் என்று கேட்கவும் மலர்விழிக்குப் பயம். திருத்திய தாள் வந்த அன்று சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் மில்லுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். ‘சரி. ஒரு ரூபாய் என்றால்.’ அதன்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு, பென்சிலில் ஒரு டிக். சௌந்தர்யா டீச்சரின் கைதான்.

மலர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் தாள் இப்போதும் எங்கள் மில்லின் இரும்புத் தூணில் இருக்கிறது. தூணில் காந்தம், அதன்மேல் தாள், தாள் விழாமல் பிடித்திருப்பது ஒரு ரூபாய்க் காசு.