கல்லறை வாசலில் ஒரு மீசை

பரங்கி ஓவியர் முக்காலியை விரிப்பதற்கு முன்பே வெய்செல் மலையேறிவிட்டான். பழங்காலத்து லிக்கிய மக்கள் பாறையைக் குடைந்து செய்த கல்லறையின் வாசலில் நின்று, தலைப்பாகையைச் சரிசெய்து, இடது காலைச் சற்று முன்னால் வைத்து, மீசையின் நுனிகளை முறுக்கிவிட்டுக்கொண்டான். அதோடு சரி. இனி ஈ மொய்த்தாலும் அசையமாட்டான்.

படம் பார்க்கிறவர்களுக்குக் கல்லறையின் உயரம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆடு மேய்க்கிற நேரம் போக, கோடைதோறும் கப்பலில் வந்திறங்கும் பரங்கிகளுக்கெல்லாம் அந்த ஆள் வெய்செல்தான். சரிந்து கிடக்கும் தூண்மேல் உட்கார்ந்திருக்கிறான். இடிந்த அரங்கின் படிகளில் புகையே வராத ஹூக்காவைப் பிடித்தபடி படுத்தும் இருக்கிறான். ஒரு தடவை, ஊரில் எவருமே கட்டாத பட்டுக் கச்சையை அவன் இடுப்பில் சுற்றி, துருப்பிடித்த வாளைச் செருகி, சுல்தானின் தளபதியாக்கிவிட்டார்கள். அவனுடைய ஆடுகளே அடையாளம் தெரியாமல் சிதறி ஓடின.

மனக்குறை ஒன்றுதான். எந்தப் படத்திலும் அவனுக்கு மீசை இல்லை. கல்லிலுள்ள வெடிப்பையெல்லாம் பார்த்துப் பார்த்து வரைகிறவர்கள், அவனைத் தூரிகையின் ஒரே இழுப்பில் முடித்துவிடுவார்கள்.

"செத்தவன் வீட்டு வாசப்படிக்கு இருக்கற மரியாதை, உசுரோட நிக்கறவனுக்கு இல்லையே!" என்று புலம்புவான்.

பெண்டாட்டி ஜெமிலே சும்மா இருப்பாளா? படத்தை எட்டிப் பார்த்த அன்றே 'எறும்பு' என்று பேர் வைத்துவிட்டாள். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் அவளோடு லாதெஸ் பந்தயம் கட்டினான். கோழி தின்று முடித்ததும் அதன் கவட்டை எலும்பை ஆளுக்கொரு முனை பிடித்து ஒடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் எதைக் கொடுத்தாலும் மற்றவர் "ஞாபகமிருக்கு" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். மறந்து வாங்கினால், கொடுத்தவர் "லாதெஸ்!" என்று கத்துவார்; வாங்கியவருக்குத் தோல்வி. அவன் ஜெயித்தால் எறும்பு என்ற பேச்சே கூடாது. அவள் ஜெயித்தால் மீசை போய்விடும்.

திராட்சை பூத்தபோது ஒடித்த எலும்பு. இப்போது பழமே பழுத்துவிட்டது. ரொட்டியை நீட்டினாள். "ஞாபகமிருக்கு." தூக்கத்தில் உலுக்கி எழுப்பிக் கோடரியை நீட்டினாள். "ஞாபகமிருக்கு." வீறிட்டு அழுகிற குழந்தையைத் திணித்தாள். "ஞாபகமிருக்குடி, கொண்டா என் செல்லத்த!" சிரிப்பெல்லாம் சரிதான், மீசை போனால் காப்பிக்கடையில் எந்த முகத்தோடு உட்காருவது என்ற பயம் அவனுக்கு உண்மையாகவே இருந்தது.

அன்று கல்லறைப் படம் முடிகிற நேரத்தில் ஜெமிலே மோரும், திராட்சை இலையில் சுருட்டிய சோறும் கொண்டுவந்து ஓவியர் முன் வைத்தாள். ஓவியரோடு வந்திருந்த துபாஷியின் காதில் என்னவோ கிசுகிசுத்தாள். அவர் மொழிபெயர்த்ததும் ஓவியர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வெய்செலைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இறங்கி வந்தவன், தாளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் மறுபடியும் கல்லறையைப் பார்த்து நடந்தான்.

"யோவ், எங்கய்யா போற? இங்க வந்து உக்காரு. உன் மூஞ்சிதான் வேணுமாம்!" என்று ஜெமிலே கூப்பிட்டாள்.

உட்கார்ந்தவனுக்கு மூச்சுவிடவே பயம். கரிக்கோல் சரசரவென்று ஓடியது. ஓவியர் தாளை ஜெமிலேயிடம் கொடுத்தார். அவள் அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அம்மாடி! ரெண்டு காதையும் தொடுதுய்யா!" என்று நீட்டினாள்.

தாள் முழுக்க மீசை! வெய்செல் இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி ஆடினான்.

"லாதெஸ்!" என்று கத்தினாள் ஜெமிலே.

ஆட்டம் நின்றது.

"அடிப்பாவி! இதுக்குத்தான் சோத்தப் போட்டு வரைய வச்சியா?"

"பின்ன? எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா வரைஞ்சு வச்சுக்க வேணாமா? எனக்கும் அது பிடிக்குமில்ல."

அவனுக்குச் சந்தோஷம் அடங்கவில்லை; கோபம் வருவேனா என்றது. படத்தை எதிரே கிடந்த தூண் துண்டின்மேல் சாய்த்து, காற்று தூக்கிவிடாமல் ஒரு கூழாங்கல்லை வைத்தான். இடுப்புக் கத்தியை உருவி அவளிடம் நீட்டினான்.

"ஞாபகமிருக்கு" என்று சொல்லியே வாங்கினாள் அவள்.

வெய்செல் படத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், இடது காலைச் சற்று முன்னால் நீட்டி, முகவாயை உயர்த்திக் கொடுத்தான்.